வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் வட்டத்தில் அமைந்துள்ள ஒரு பறவைக் காப்பிடம் ஆகும். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய ஒரு பாசன ஏரியே இதன் மையப் பகுதியாகும். இது இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைக் காப்பிடங்களுள் ஒன்று. 2022 ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இது தேசியப் பூங்கா அன்று. பயணிகள் பலர் இரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றனர். இம்மாவட்டத்தில் தேசியப் பூங்கா எதுவும் இல்லை. அருகிலுள்ளது சென்னையின் கிண்டி தேசியப் பூங்காவே. தேசியப் பூங்காவினுள் மக்களின் நில உரிமைகளும் மேய்ச்சலும் அனுமதிக்கப்படுவதில்லை. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். ஊர் மக்கள் பாசனத்திற்குப் பயன்படுத்திக்கொண்டே பாதுகாத்துவரும் வேடந்தாங்கல் ஏரிக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

பெயரும் வரலாறும்

"வேடன் தங்கல்", அதாவது வேடர்கள் தங்கிய இடம் என்பதிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். வேட்டைக் களமாக இருந்த ஊர் பறவைகளின் புகலிடமாக மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கி 1798 இல் கௌல் எனப்படும் உரிமைப் பத்திரம் அளித்தார். 1858 இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936 இல் அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. வனத்துறை வருவதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரார் தாமாகவே காவல் காத்தனர் என்பதே இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

இதற்குப் பயனும் உண்டு. பறவைகளின் எச்சத்தால் ஏரி நீரில் நைட்ரசனும் பாசுபரசும் சேர்கின்றன. அந்நீர் பாயும் வயல்களுக்கு உரத்தேவை குறைகிறது. நத்தைகளை உண்ணும் நத்தைகுத்தி நாரை, நெல் வயல்களுக்கும் உதவுகிறது. மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் இதன் அலகைக் கொண்டு இப்பறவையைப் புதியவர்களும் எளிதில் அடையாளம் காணலாம்.

பறவைகள்

ஏரியினுள் நீரில் நின்றபடியே வளரும் செங்கடம்பு, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியன இங்கு இனப்பெருக்கம் செய்கின்றன. கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கிலிருந்து வலசை வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் 30,000 க்கும் மேற்பட்ட பறவைகள் கூடுவதுண்டு.

அனைத்தும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்துள்ளன. மரங்களைச் சுற்றி நீர் நின்றால்தான் கூடுகளுக்குப் பாதுகாப்பு. 2016 இல் பருவமழை பொய்த்தபோது பறவைகள் மிகக் குறைவாகவே வந்தன. கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போது வருபவர்கள் ஏமாற்றமடைவர்.

எல்லை குறித்த சர்ச்சை

1998 இல் வெளியிடப்பட்ட அறிவிக்கை, ஏரியைச் சுற்றி 5 கி.மீ ஆரமுள்ள பகுதியைச் சரணாலயமாகக் குறித்தது. இதனுள் ஊர்களும் தனியார் வயல்களும் அடங்கும். 2020 இல் இவ்வாரத்தை 3 கி.மீ ஆகக் குறைக்க மாநில அரசு முன்மொழிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; வழக்குகளும் தொடரப்பட்டன. ஏரியில் உறங்கும் பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும்தான். எனவே ஏரியை மட்டும் காத்து வயல்களைக் கைவிடுவது, வீட்டைக் காத்துச் சமையலறையை இடிப்பதற்கு ஒப்பாகும்.

பார்வையிடல்

நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலம் ஏற்றது. மறைமலைநகரிலிருந்து பெருஞ்சாலையில் தெற்கே செங்கல்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். செங்கல்பட்டு வரை புறநகர் ரயிலிலும் செல்லலாம். மாமல்லபுரம் வரும் பயணிகள் பலர் ஒரே நாளில் இரண்டையும் காண முயல்கின்றனர். அவ்வாறு வருவோர் பெரும்பாலும் நண்பகலில்தான் இங்கு சேர்கின்றனர். அது பறவை பார்ப்பதற்கு உகந்த நேரம் அன்று. விடியற்காலையிலும், பறவைகள் கூட்டமாகத் திரும்பும் மாலையிலும் வருவதே நன்று.

மலையேற்றமோ நெடுந்தூர நடையோ இங்கு இல்லை. ஏரிக்கரை மீதுள்ள நடைபாதையும் பார்வைக் கோபுரமுமே பார்வையாளருக்கு உரியன. இருகண்ணோக்கி கொண்டு செல்வது பயன் தரும். உரத்த பேச்சு, ஒலிபெருக்கி, பட்டாசு ஆகியவை பறவைகளைக் கூட்டிலிருந்து எழுப்பிவிடும். அவ்விடைவெளியில் காகங்கள் முட்டைகளைக் கவரக்கூடும். சுற்றுப்புற ஊர்களில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கம் உள்ளது.

ஏறத்தாழ 10 கி.மீ தொலைவில் கரிக்கிலி பறவைகள் சரணாலயம் உள்ளது. 1989 இல் அறிவிக்கப்பட்ட இதுவும் 2022 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வாத்தினங்களைக் காண விரும்புவோர் கூட்டம் குறைவான இவ்விடத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.