ஏஸ் இருக்கும் இடம்

பிளாக்ஜாக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் டீலரின் தொகையை முந்த வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா பத்து. ஏஸை ஒன்று என்றோ பதினொன்று என்றோ நம் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சலுகைக்கு வயது நானூறுக்கு மேல். செர்வாண்டஸ் 1613-இல் வெளியிட்ட கதை ஒன்றில், ஆண்டலூசியா போகும் வழியில் ஒரு சத்திரத்தில் இரண்டு பொடியன்கள் சந்திக்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம் அழுக்கேறிய சீட்டுக்கட்டு இருக்கிறது. எப்படி வெட்டினாலும் அடியில் ஏஸ் வந்து நிற்கும், அது ஒன்றுக்கும் உதவும் பதினொன்றுக்கும் உதவும் என்று அவன் பெருமையடிக்கிறான். ஆட வந்த கோவேறு கழுதைக்காரர் அரைமணி நேரத்துக்குள் பணத்தை இழக்கிறார்.

அந்தச் சீட்டுகளும் கடல் கடந்து வந்தவைதான். எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கட்டுகளில் காசு, கோப்பை, வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் இருந்தன. 1370-களில் அவை ஐரோப்பாவுக்கு வந்தபோது அங்கே போலோவை அறிந்தவர் இல்லை. நகலெடுத்தவர்கள் மட்டையைத் தடியாக்கிவிட்டார்கள். ஸ்பெயின் நாட்டுச் சீட்டில் இன்றும் அது தடிதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்கு வந்தது. ஜேன் ஆஸ்டினின் பாத்திரங்கள்கூட இதைப் பற்றிப் பேசுகிறார்கள். 1854-இல் எலினார் டூமாண்ட் என்ற பெண் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க ஊரான நெவாடா சிட்டியில் ஒரு சூதாட்டக் கூடம் திறந்து, அதற்கு இந்த ஆட்டத்தின் பிரெஞ்சுப் பெயரையே சூட்டினார். சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே திரண்டார்கள்.

நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. கேசினோ மேசையில் டீலருக்குச் சொந்த விருப்பம் கிடையாது: 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17-இல் நிறுத்த வேண்டும். முதலில் ஆடுவது நாம் என்பதால் முதலில் 21-ஐத் தாண்டித் தோற்பவரும் நாமே. கேசினோவின் லாபம் முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஆனால் டீலரின் கை கட்டப்பட்டிருந்தால் அவரைக் கணக்கால் ஆராய முடியும் அல்லவா? மேரிலாந்தின் அபெர்டீன் ராணுவத் தளத்தில் ரோஜர் பால்ட்வின் உள்ளிட்ட நால்வர் மேசைக் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்து, எந்தக் கைக்கு எது சரியான முடிவு என்று கணக்கிட்டு 1956-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதைப் படித்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், ஐ.பி.எம். 704 கணினியின் துணையோடு ஒரு படி மேலே போனார். ஆடி முடித்த சீட்டு உடனே கட்டுக்குத் திரும்புவதில்லை. ஐந்துகள் வெளியேறி, ஏஸ்களும் பத்துகளும் மிஞ்சியிருந்தால் சாதகம் நம் பக்கம். அப்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும். சத்திரத்துப் பொடியன் ஏஸ் இருக்கும் இடத்தை ஏமாற்றி அறிந்தான். தோர்ப் அது இன்னும் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை நினைவாற்றலால் அறிந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

1962-இல் அவர் நூல் வெளிவந்ததும் பதறிய லாஸ் வேகாஸ் கேசினோக்கள் 1964-இல் விதிகளை இறுக்கின. ஆடுகிறவர்கள் எழுந்து போகவே, சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பின. நூலைப் படித்துவிட்டு வெளியேறிய சீட்டுகளைத் தப்புத் தப்பாக எண்ணியவர்களால் கேசினோக்களுக்குப் பணம் கொட்டியது. சரியாக எண்ணியவர்களை வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரர் கென் உஸ்டன் வழக்குத் தொடுக்க, சீட்டெண்ணுகிறார் என்ற காரணத்துக்காகக் கேசினோக்கள் தாமாக ஒருவரைத் தடுக்க முடியாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

கேசினோக்கள் வேறு வழி கண்டன. ஒரு கட்டுக்குப் பதில் எட்டுக் கட்டுகள் வந்தன. ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்களும் வந்தன. ஏஸும் பத்தும் முதலிரு சீட்டாக விழுந்தால் பத்து டாலருக்குப் பதினைந்து டாலர் கொடுத்துவந்த மேசைகள் பலவற்றில் இப்போது பன்னிரண்டுதான். எந்த விகிதம் என்பது மேசைத் துணியிலேயே அச்சிட்டிருக்கும்; உட்காரும் முன் அதைப் படித்துவிடுங்கள்.