தையலுக்குப் பின்: கொங்கு நாட்டுப் பேறுகாலப் பராமரிப்பில் ஒரு விடுபடல்

சுகப்பிரசவத்தின்போது பலருக்குப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசை கிழிகிறது, அல்லது வெட்டப்படுகிறது. அந்தக் காயம் யார் பொறுப்பில் ஆறுகிறது? கொங்கு வட்டாரத்தில் அது யார் பொறுப்பிலும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன, 44.9 விழுக்காடு சிசேரியன். எஞ்சிய பாதிக்கும் மேற்பட்ட தாய்மாரில் பலர் தையலோடு வீடு திரும்புகிறார்கள். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சுகப்பிரசவத் தாய்க்கு 3 நாள் வரை இலவச உணவு தருகிறது. தையலோ ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அந்த வாரங்கள் அம்மா வீட்டில் கழிகின்றன.

அங்கே அமுச்சி எனப்படும் பாட்டியின் சொல்தான் சட்டம். வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் ஓங்கி ஊற்றுவார்கள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பூண்டும் சுக்கும் சேர்த்த பத்தியச் சோறும் லேகியமும் கொடுப்பார்கள். குடிக்கும் தண்ணீரை மட்டும் அளந்து தருவார்கள், வயிறு பெருத்துவிடுமாம். இடுப்பு, வயிறு, தாய்ப்பால் ஆகிய மூன்றையும் அக்கறையோடு கவனிக்கும் இம்முறையில் தையலுக்கு இடமில்லை. தண்ணீரும் காய்கறியும் குறைந்தால் மலம் இறுகும். வலிக்குப் பயந்து தாய் அடக்குவாள். அடக்க அடக்க இன்னும் இறுகும். முக்கும்போது தையலில் சுள்ளென்று வலிக்கும். பத்தியத்தில் முதலில் கைவிட வேண்டியது இந்தத் தண்ணீர்க் கட்டுப்பாட்டைத்தான்.

வெப்பத்தைப் பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிரசவித்த உடனே இந்தக் காயத்தில் எழும் வலிக்குக் குளிர் ஒத்தடம் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாயின் விருப்பத்தையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. குளிர்ச்சி பட்டால் சன்னி வரும் என்று அஞ்சும் வீட்டில் ஐஸ் கட்டியை வற்புறுத்துவதால் பயனில்லை. முதல் நாள் கழிந்தபின், கை பொறுக்கும் சூட்டில் சுத்தமான வெந்நீர் நிரம்பிய அகன்ற பேசினில் சிறிது நேரம் உட்காரலாம். பிறகு துடைத்து உலரவிட வேண்டும். இடுப்பில் ஓங்கி ஊற்றும் கொதிசூட்டை இதமான சூடாக மாற்றச் சொன்னால் அமுச்சி ஒப்புக்கொள்வார்.

மருத்துவமனையின் பங்கு இதைவிடப் பெரிது. தேவை பார்க்காமல் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகள் ஏற்கவில்லை. தலை வெளிவரும் கட்டத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடமும் அவற்றில் உண்டு. அது கடுமையான கிழிசலைக் குறைக்கிறது. கொங்கு வீட்டுக்குப் பழகிய வெந்நீர், துணி ஒத்தடமாகப் பிரசவ அறைக்குள்ளும் வரவேண்டும்.

பிரசவத்துக்குப் பின் 48–72 மணி நேரத்துக்குள், 7–14 நாளுக்குள், ஆறாம் வாரத்தில் எனக் குறைந்தது மூன்று முறை தாயைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். இச்சந்திப்புகளில் குழந்தையின் எடையும் பாலும் பேசப்படும் அளவுக்குத் தாயின் காயம் பேசப்படுவதில்லை. “அங்க எரியுதுங்க” என்று ஆண்கள் இருக்கும் திண்ணையில் எந்தப் பெண் சொல்வாள்? திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்கார வேண்டிய பெண்ணுக்கு ஆறாத காயம் கூலி இழப்பும்கூட.

ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் கதவைச் சாத்திக்கொண்டு தாயிடம் தனியே பேசட்டும். அவள் சம்மதத்தோடு தையலைப் பார்க்கட்டும். கூடிவரும் வலி, சீழ், நாற்றம், காய்ச்சல், தையல் பிரிதல், மலமோ வாயுவோ அடக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்பட்டும்.