டண்டீயில் பட்டம் பிறகுதான் வந்தது

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டண்டீ நகரத்து அபர்டே பல்கலைக்கழகம் 1997-இல் கணினி விளையாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகிலேயே முதல் படிப்பு அதுதான் என்று பல்கலைக்கழகம் சொல்லிக்கொள்கிறது. கனடாவின் வான்கூவரில் டிஜிபென் நிறுவனம் 1994-லேயே நின்டெண்டோவின் துணையோடு வீடியோ கேம் நிரலாக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டதால், முதலிடம் யாருக்கு என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஆண்டுகளின் வரிசை. அபர்டே வகுப்பறையைத் திறந்தபோது, அதே ஊரில் உருவான ‘லெம்மிங்ஸ்’ என்ற கேம் கடைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘லெம்மிங்ஸ்’ செய்த நிறுவனத்தின் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ அந்த ஆண்டிலேயே வெளிவந்தது. இவற்றைச் செய்தவர்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் அப்படியொரு பட்டமே கிடையாது. கல்லூரியில் சேருவதற்கு முன் கிடைக்கும் கோடை மாதங்களில் கேம் செய்யப் பழகுவதைப் பாடத்துக்கு ஒரு முன்னோட்டம் என்றே இன்று மாணவர்களும் பெற்றோரும் நினைக்கிறார்கள். நடந்த வரலாறு தலைகீழானது. வீட்டிலும் கிளப்பிலும் தாமாகப் பழகியவர்கள் ஒரு தொழிலை உண்டாக்கினார்கள். அந்தத் தொழில் வளர்ந்த பிறகுதான் அதற்குப் பாடத்திட்டம் எழுதப்பட்டது.

டண்டீ முன்பு சணல் ஊர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நூற்றும் நெய்தும் வாழ்ந்த நகரம். கல்கத்தாவைச் சுற்றி ஆலைகள் எழுந்த பிறகு அந்தத் தொழில் தேய்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வந்த ஆலைகளில் ஒன்று டைமெக்ஸ். கைக்கடிகாரம் செய்துகொண்டிருந்த அந்த ஆலைக்கு 1980-களின் தொடக்கத்தில் கிளைவ் சின்க்ளேரின் வீட்டுக் கணினிகளைச் செய்யும் வேலை கிடைத்தது. 1981-இல் வந்த இசட்எக்ஸ்81-இன் விலை 69.95 பவுண்டு, நினைவகம் 1 கிலோபைட். அடுத்த ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டிலிருந்து கிடைத்தது. ஆலை வாசல் வழியாகக் கணக்கில் வராமல் வெளியேறிய கணினிகளே டண்டீயை கேம் ஊராக்கின என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதை சொல்வது போதாது. ஸ்பெக்ட்ரம் பிரிட்டன் முழுக்க விற்றது. 1983-இல் 17 வயது மேத்யூ ஸ்மித் அதற்காக ‘மேனிக் மைனர்’ கேமை எழுதியது டண்டீயில் அல்ல, லிவர்பூல் பக்கத்தில். அடுத்த ஆண்டு டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினியில் ‘எலீட்’ கேமைச் செய்தார்கள். அதற்கென ஒரு பாடமும் கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. இந்த இளைஞர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அவர்கள் கையில் கிடைத்த இயந்திரத்தின் இயல்பு.

ஸ்விட்சைப் போட்டால் ஸ்பெக்ட்ரமின் திரையில் ஒரு காப்புரிமை வரி மட்டும் வரும். பிறகு நாம் எதையாவது தட்டச்சு செய்யும்வரை அது சும்மா இருக்கும். கேசட் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் பத்திரிகைகளில் அச்சான பேசிக் மொழி நிரல்களை வரிவரியாகப் பார்த்து அடித்தார்கள். ஒரு காற்புள்ளி தவறினாலும் கேம் ஓடாது. ஆகவே மற்றவர் எழுதியதைப் படித்துப் பிழை தேடும் பழக்கம் விளையாட ஆசைப்பட்டதன் விலையாகவே வந்து சேர்ந்தது. உருவம் வரைவதற்குக் கட்டம் போட்ட தாள். 8-க்கு 8 என்று 64 கட்டங்கள். ஒரு வரிசையில் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கான எண். வரிசை முழுவதும் நிரம்பினால் 255. அப்படி எட்டு எண்களைக் கணினியிடம் கொடுத்தால் ஒரு சிறு மனிதனோ விண்கலமோ திரையில் நிற்கும். இரும எண் என்ற பெயரைப் பள்ளியில் கேட்காத பிள்ளைக்கும் அது விரல்நுனியில் இருந்தது. இந்த அளவு நெருக்கமான பாடத்தை எந்தப் பாடநூலும் அப்போது கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. அதே 8-க்கு 8 கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மேல் காட்டவும் முடியாது. எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க அந்த வரம்பே கற்றுக்கொடுத்தது.

டண்டீயின் தனிச் சிறப்பு கிங்ஸ்வே அமெச்சூர் கம்ப்யூட்டர் கிளப். டேவிட் ஜோன்ஸ், மைக் டெய்லி, ரஸ்ஸல் கே, ஸ்டீவ் ஹாமண்ட் ஆகியோர் அங்கேதான் சந்தித்தார்கள். ஜோன்ஸ் டைமெக்ஸில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வெளியேறி, பின்னாளில் அபர்டே பல்கலைக்கழகமான கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருந்தபோதே கேம் எழுதினார். அவர் தொடங்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனத்தில் 1989-இல் ஒருநாள், நடக்கும் மனிதனை 8-க்கு 8 புள்ளிகளுக்குள் அடக்க முடியும் என்று டெய்லி செய்துகாட்டினார். அந்தக் குட்டி மனிதர்கள் சாரிசாரியாக நடப்பதைப் பார்த்தபோது இதற்குள் ஒரு கேம் இருக்கிறது என்று சக ஊழியர்களுக்குத் தோன்றியது. 1991-இல் ‘லெம்மிங்ஸ்’ ஆனது அதுதான்.

இந்த வழி அடைபட்டபோது என்ன ஆயிற்று என்பதிலிருந்து இன்னும் வலுவான சான்று கிடைக்கிறது. விளையாட மட்டுமே உதவும் கன்சோல்களும், நிரலைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்த பி.சி.க்களும் வீட்டுக் கணினியின் இடத்தைப் பிடித்தன. 2000-களின் நடுவில், கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் கொண்டுவரும் அனுபவமும் குறைவதைக் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் கவனித்தார்கள். வீட்டில் நிரல் எழுதிப் பழகிய தலைமுறை முடிந்துபோயிருந்தது. அதற்கு மருந்தாக அவர்கள் உருவாக்கிய ராஸ்பெர்ரி பை என்ற கணினி 2012-இல் வந்தது. ‘எலீட்’ செய்த பிரேபனும் அந்த முயற்சியின் நிறுவனர்களில் ஒருவர். கல்லூரிப் பாடம் மட்டுமே போதும் என்றால் இப்படியொரு கணினிக்குத் தேவையே எழுந்திருக்காது.

வென்றவர்களின் கதையை மட்டும் சொல்வதாக இதை மறுக்கலாம். ஸ்பெக்ட்ரம் வைத்திருந்த பெரும்பாலானோர் விளையாடியதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது உண்மைதான். கணினி இருந்தால் எல்லோரும் படைப்பாளியாவார்கள் என்று நானும் சொல்லவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அன்றைய விளம்பரங்கள் வீட்டுக் கணினியைப் பையன்களின் பொருளாகவே காட்டின. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் சுமார் 37 சதவீதம், பிறகு சரிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் ஆராய்ந்தபோது, வீட்டில் பழகிவந்த பையன்களைப் பார்த்து மாணவிகள் தம்மைத் தாமே மட்டமாக எண்ணியது தெரிந்தது. முன்னனுபவத்துக்குத் தந்த அதிக எடையைப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் குறைத்தது; அனுபவம் இல்லாதவர்களுக்குத் தொடக்க வகுப்புகளைத் தனியாக அமைத்தது. அங்கே கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 1995-இல் 7 சதவீதம், 2000-இல் 42 சதவீதம். முன்பழக்கம் இல்லாதவர்களும் பிறகு எட்டிப்பிடித்தார்கள். இதை ஒதுக்கிவிட்டு என் வாதத்தை நடத்த முடியாது. கையால் செய்து பழகிய காலத்துக்கு மதிப்பு உண்டு என்பதை இந்தச் சான்று பொய்யாக்கவில்லை. அந்தக் காலம் யாருக்கு வாய்த்தது என்ற அநீதியைக் காட்டுகிறது. அப்படியானால், வாய்க்காதவர்களுக்கு அதை ஏற்படுத்தித்தர வேண்டிய கடமை கல்லூரிகளுடையது. கல்லூரி தொடங்கும் முன் கிடைக்கும் ஓரிரு மாதங்களும், அதுவரை கணினியைத் தொட வாய்ப்பில்லாத பெண்ணுக்கே அதிகம் பயன்படும்.

நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு கேமை வெளியிடும் இந்தக் காலத்தில் 1983-இன் தனியாள் பயிற்சி எதற்கு என்றும் கேட்கலாம். பெரிய குழுவில் ஒளியமைப்பு ஒருவருக்கு, இயற்பியல் கணக்கு இன்னொருவருக்கு என்று வேலை பிரிந்துவிடுகிறது. அங்கே நுழைந்தபின், ஒரு கேம் முதல் வரியிலிருந்து முடிவுவரை எப்படி ஒன்றுசேருகிறது என்பதை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஒருவர் தனியாக முடிக்கும் மிகச் சிறிய கேமில்தான் அது கிடைக்கும். இதற்கான கருவியும் டண்டீயோடு தொடர்புடையதே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999-இல் வெளியிட்ட கேம்மேக்கர், பின்னர் டண்டீயில் இயங்கும் யோயோ கேம்ஸ் கைக்கு வந்தது. கிங்ஸ்வே கிளப்பின் ரஸ்ஸல் கேயும் மைக் டெய்லியும் அங்கே அதை வளர்த்தார்கள். டோபி ஃபாக்ஸ் பெரும்பகுதியைத் தனியாகவே செய்து 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ அந்தக் கருவியில் உருவானது. 2023 முதல், விற்பனைக்கு அல்லாமல் பழகுவோருக்குக் கேம்மேக்கர் இலவசம்.