தருமபுரி மாவட்டம்: நிலமும் ஆட்சியும் மக்களும்

ஒரு மாவட்டத்தைப் பற்றிப் பாடநூலில் படிக்கும்பொழுது, பரப்பளவு இவ்வளவு, வட்டங்கள் இத்தனை, மக்கள்தொகை இவ்வளவு என்று சில எண்கள் வரிசையாக வருகின்றன. தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். எண்கள் உயிரற்றவை என்று எண்ணுவதே இந்த மறதிக்குக் காரணம். ஆனால் அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மழையும் பஞ்சமும், சட்டமும் வரியும், பிறப்பும் இறப்பும் மறைந்து நிற்கின்றன. தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை மாணவர்களுக்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் வடமேற்கில் மைசூர்ப் பீடபூமிக்கும் சேலம் சமவெளிக்கும் இடையே ஒரு படிக்கட்டுப் போல அமைந்தது இம்மாவட்டம். வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சேலம், கிழக்கே திருவண்ணாமலை முதலிய மாவட்டங்கள்; மேற்கே காவிரியாறு, அதற்கு அப்பால் கருநாடக மாநிலம். பரப்பு ஏறத்தாழ 4,497 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. சித்தேரி மலையும் வத்தல்மலையும் இங்கே உள்ளன. தெற்கே தொப்பூர்க் கணவாய் சேலத்திலிருந்து வருவோர்க்கு வாயிலாக நிற்கிறது.

காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு அருவியாக வீழ்கிறது. அதைக் காண நாடெங்கிலும் இருந்து மக்கள் வருகின்றனர். இத்தகைய பேராறு பாயும் மாவட்டத்தில் நீருக்குப் பஞ்சம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். விடை எளியது. ஆறு ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகிறது. வயலும் ஊரும் மேட்டில் இருக்கின்றன. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் பென்னாகரம் வட்டத்தின் தென்பகுதி வரையில் பரந்து கிடக்கிறது. ஆயினும் அந்த நீர் பாய்வது தொலைவில் உள்ள தஞ்சைக் கழனிகளுக்கே. கிழக்கில் அரூர் வழியே செல்லும் தென்பெண்ணையும், சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி முதலிய சிற்றாறுகளும், ஏரிகளும், கிணறுகளுமே இங்குள்ள உழவர்க்குத் துணை. ஆகவே கேழ்வரகும் சாமையும் இம்மண்ணின் பழைய உணவுகள் ஆயின. மாவும் புளியும் தக்காளியும் பட்டுப்புழுவுக்குரிய மல்பெரியும் இன்று பணப்பயிர்களாக விளங்குகின்றன. கரும்பும் உண்டு. அதியமானின் முன்னோரே இந்நாட்டுக்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்பது புறநானூறு தரும் செய்தி. பாலக்கோட்டிலும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகில் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்த மாவட்டத்துக்கு அது பொருத்தமான பழங்கதையே.

அடுத்து ஆட்சி வரலாறு. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்கிருந்து ஆண்டவன் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி. இவன் புலவர் பாட்டில் மட்டும் வாழ்பவன் அல்லன். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூர்ப் பக்கத்திலுள்ள சம்பை என்னும் ஊரில் ஒரு பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்தன் என்று அது குறிக்கிறது. அசோகப் பேரரசன் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயம் அதனால் தீர்ந்தது. மூவேந்தரோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட குடி தகடூர்க் குடி என்பதை நாம் அறிந்தோம்.

பின்னர்ப் பல்லவரும் நுளம்பரும் சோழரும் போசளரும் விசயநகரத்தாரும் மைசூராரும் இப்பகுதியை ஆண்டனர். இதனை உள்ளிட்ட நிலப்பகுதிக்குப் பாராமகால் என்று பெயர் வழங்கிற்று. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். அங்கு ஆட்சி நடத்த அலெக்சாண்டர் ரீட் என்னும் படைத்தலைவர் அனுப்பப்பட்டார். அவருடைய துணைவர்களுள் ஒருவர் தாமசு மன்றோ.

இங்கே மாணவர்கள் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டில் சமீன்தார்களோடு நிலையான நிலவரித் திட்டம் செய்யப்பட்டது. உழவனுக்கும் அரசுக்கும் இடையில் ஒரு பெருநிலக்கிழார் நின்றார். பாராமகாலிலோ ரீடும் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று, நிலத்தை அளந்து, மண்ணின் தரத்தைப் பார்த்து, உழுகின்றவனோடு நேராகவே வரியை முடிவு செய்யும் முறையை வளர்த்தனர். இதுவே இரயத்துவாரி முறை. இடையில் 1802-க்குப் பின் சில ஆண்டுகள் இப்பகுதியை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டனர். அத்திட்டம் பல இடங்களில் தோல்வி கண்டது. மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்தபொழுது இரயத்துவாரியே மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. தென்னாட்டு உழவன் கையில் இன்று தன் பெயரில் ஒரு பட்டா இருக்கிறதென்றால், அதன் வேர்களில் ஒன்று இந்த வறண்ட மண்ணில் இருக்கிறது. அம்முறையில் வரி சுமையாக இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. மழை பொய்த்த ஆண்டிலும் தண்டலாளர் வந்து நின்றார். கலெக்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே தண்டுபவர் என்பதுதானே பொருள்?

பிற நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாவட்டம் போன்ற பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். அத்தகையவை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. பெரும்பாலான கவுண்டிகளில் ஆட்சிக் குழுவினரையும், ஷெரீப் எனப்படும் காவல் தலைவரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் மாவட்டம் மேலிருந்து அமைக்கப்பட்டது. அதன் தலைவரை அரசு நியமிக்கிறது. கீழிருந்து எழும் ஆட்சியை நாம் பஞ்சாயத்துகளின் வழியே சேர்த்துக்கொண்டோம். 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு அடிப்படை. கிராம சபையில் ஒரு கூலித் தொழிலாளி எழுந்து கணக்குக் கேட்கலாம் என்பது நம் பாட்டனார் காணாத உரிமை.

தருமபுரி நெடுங்காலம் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அது தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்பன இப்பொழுதுள்ள ஏழு வட்டங்கள். சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து.

அலுவலகம் அருகில் வந்தால் நீதியும் அருகில் வரும் என்பது எல்லோரும் விரும்பும் கருத்து. ஆனால் அது தானாக நிகழ்வதன்று. 1992-ஆம் ஆண்டு சூன் திங்களில், அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூரில், சந்தன மரம் தேடிச் சென்ற அரசு அலுவலர்கள் மக்களுக்குப் பெருங்கொடுமை இழைத்தனர். பெண்களின் மானம் சிதைக்கப்பட்டது, வீடுகள் அழிக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், அவர்களுள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. எளிய மக்கள் முப்பது ஆண்டுக்கு மேல் தளராது நின்றமையால் கிடைத்த நீதி அது. அரசு அலுவலரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்பதை நூலில் படிப்பது எளிது. வாச்சாத்தி மக்கள் அதனை நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டினர்.

இனி மக்கள்தொகைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 19½ இலட்சம். 1881-இல் அது சுமார் 16 இலட்சமாகக் குறைந்தது. பெருக வேண்டிய தொகை மூன்றரை இலட்சம் குறைந்தது என்றால் எத்தனை அடுப்புகள் அணைந்தன என்று எண்ணிப் பாருங்கள். பஞ்ச காலத்தில் தானியம் விரைந்து வந்து சேரவேண்டும் என்ற நோக்கத்துடனேயே, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் ஒரு குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அது மூடப்பட்டுவிட்டது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மாவட்டத்தின் மக்கள் 15,06,843 பேர். சதுர கிலோமீட்டருக்கு 335 பேர். மாநிலத்தின் அளவோ 555. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் சிற்றூர்களில் வாழ்பவர். எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அன்று மாநிலத்திலேயே கடைசி இடம் இதுதான். பள்ளிக்குத் தலைமை தாங்கியவன் என்ற முறையில், இந்த எண்ணை நான் வருத்தத்தோடுதான் படித்தேன். விதைப்புக் காலம் முடிந்ததும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் பெற்றோரோடு பிள்ளையும் சென்றுவிட்டால், வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தொடர்ந்து சுழிகளே விழும். அந்தச் சுழிகளின் கூட்டுத்தொகைதான் இந்த விழுக்காடு.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். ஒன்று நீர். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் பொருள் மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது தீங்கு செய்யும். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும். கிணறு எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவு இக்கேடு வளரக்கூடும். ஆகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை மேடேற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சப்பான் நாட்டின் கடனுதவியோடு 2008-இல் தொடங்கப்பெற்று, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளத்தில் ஓடிய ஆறு ஒருவாறு மேட்டுக்கு வந்தது.

மற்றொன்று பெண்மக்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 2001-ஆம் ஆண்டில் ஆயிரம் ஆண்களுக்கு 826 பெண்களே இருந்தனர். இயற்கை இவ்வளவு ஓரவஞ்சனை செய்வதில்லை. பிறந்தும் பிறவாமலும் மறைந்துபோன பெண்குழந்தைகளின் கணக்கு அது. 1992-ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிந்தது. அதனோடு பெண்கல்வியும் சட்டத்தின் கண்டிப்பும் பொதுநலத் தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்தன. 2011-இல் அந்த எண் 913 ஆக உயர்ந்தது. இன்னும் செல்லவேண்டிய வழி உண்டு. ஆயினும் பத்தாண்டில் ஒரு சமுதாயம் தன் மனத்தை ஓரளவு திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று.

2021-இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. அதனால் மேலே நான் சொன்ன எண்கள் 2011-க்குரியவை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கணக்கெடுக்க வருபவரிடம் நம் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பற்றிச் சரியாகச் சொல்வது நம் கடமை. கணக்கில் வராத ஊருக்குப் பள்ளியும் வாராது, குழாயும் வாராது.

நிலம் கொடுத்ததை நாம் மாற்ற முடியாது; மழையை நாம் ஆணையிட முடியாது. ஆட்சியும் கல்வியும் மனமும் நம் கையில் இருப்பவை. உங்கள் ஊர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதன் எண்களைத் தேடி எடுங்கள். பெற்றோரிடமும் முதியோரிடமும் அவற்றின் காரணத்தைக் கேளுங்கள். எந்த எண் உயரவேண்டும், எந்த எண் குறையவேண்டும் என்று உங்களுக்குள் ஆராயுங்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் நல்ல குடிமகனும் நல்ல குடிமகளும் தோன்றுகிறார்கள்.