ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும்: ஒரு ரயரின் வரலாறு

சில காலத்திற்கு முன்னர் வவுனியாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவனிடம் இருப்பது இருபது வயதைத் தாண்டிய ஒரு யப்பானிய ஜீப் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அதனால் நம் நாட்டில் இப்படிப்பட்ட கிழட்டு ஜீப்புகள் பல இன்னும் காட்டுப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

"மாமா, நாலு ரயரும் மாத்தவேணும். கடைக்காரர் ஒரு செற் மலிவாத் தாறன் எண்டுறார். ஒரு நாளும் ஓடாத புது ரயர். எடுக்கலாமோ, சொல்லுங்கோ" என்றான்.

நான் வாகனப் பொறியியல் படித்தவனல்லன். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகத்தில் கழித்தவன். ஆயினும் அவன் கேட்டதும் என் நினைவு 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்றிற்குச் சென்றது. ஆனையிறவு வீழ்ந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத காலம். புதிய அரசியலமைப்பு வரைவு பாராளுமன்றத்திற்கு வந்து, எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே எரித்த நாட்கள். வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பக்கத்தில் இடமே இருக்கவில்லை. அந்த நெருக்கடியில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியொன்றை நான் நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்க மூலையில் போட்டேன். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெறுகிறது என்பதே அச்செய்தி. ரயர் விவகாரம்தானே என்று நினைத்தேன். செய்தியாசிரியர்கள் விடும் பிழைகளில் அதுவும் ஒன்று.

அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் நூறாண்டு உறவொன்று இருந்தது. 1906இல் ஹென்றி ஃபோர்ட் தமது கார்களுக்காக ஹார்வி ஃபயர்ஸ்டோனிடம் 2,000 தொகுதி ரயர்களுக்குக் கட்டளை கொடுத்தார். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1947இல் ஃபோர்டின் பேரன் ஃபயர்ஸ்டோனின் பேத்தியை மணந்தார். 2001இல் ஃபோர்ட் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாகப் பொறுப்பேற்ற வில்லியம் கிளே ஃபோர்ட் இளையவர் இந்தத் தம்பதியின் மகன். இரு நிறுவனங்களின் இரத்தமும் ஓர் உடலில் ஓடியது என்றால் அது மிகையல்ல.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோகப்பட்ட இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளுள் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அதன்பின் இலங்கையும் மலாயாவும் இறப்பர் நாடுகளாயின. முதலாம் உலகப் போரின் பின் விலை சரிந்தபோது, பிரித்தானிய அரசு 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து இவ்விரு நாடுகளின் இறப்பர் ஏற்றுமதியை மட்டுப்படுத்தியது. விலை ஏறியது. இதனால் கொதித்தெழுந்த அமெரிக்கர்களில் முதன்மையானவர் ஹார்வி ஃபயர்ஸ்டோன். எங்களிடம் இறப்பருக்காகக் கையேந்த விரும்பாத அவர் 1926இல் மேற்கு ஆபிரிக்க நாடான லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரை நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் உடன்படிக்கையைச் செய்துகொண்டார். அங்கு தொழிலாளர் பட்ட பாட்டைத் தனியே எழுதவேண்டும்.

1988இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தை யப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 260 கோடி டொலருக்கு வாங்கியது. அடுத்த ஈராண்டுகளில் ஃபோர்ட் தனது எக்ஸ்புளோரர் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காட்டுப்பாதையிலும் செல்லும், பிள்ளைகளைப் பாடசாலைக்கும் ஏற்றிச்செல்லும் என்ற இரட்டை வாக்குறுதியோடு வந்த அந்த வண்டி, அமெரிக்காவின் எஸ்.யு.வி. விற்பனையில் முதலிடம் பிடித்தது. பாரவண்டியின் அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டதால் அதன் உயரம் அதிகம், அகலம் குறைவு. சந்தைக்கு வருமுன் நடந்த சோதனைகளில் வேகமாகத் திருப்பும்போது சக்கரங்கள் தரையை விட்டு எழுவதைப் பொறியியலாளர்கள் கண்டிருந்தனர் என்பதை, பின்னர் வெளியான ஃபோர்ட் ஆவணங்கள் காட்டின. அச்சை அகலமாக்கினால் காலமும் பணமும் செலவாகும். செய்யப்பட்ட மாற்றங்களுள் ஒன்று ரயரில் காற்றைக் குறைப்பது. பி235/75ஆர்15 என்ற அளவுள்ள ஃபயர்ஸ்டோன் ரயருக்குச் சதுர அங்குலத்திற்கு 26 இறாத்தல் காற்றுப் போதும் என்று ஃபோர்ட் விதித்தது. அதே ரயர் 35 இறாத்தல் வரை தாங்கவல்லது.

காற்றைக் குறைப்பது எப்போதும் தவறன்று. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்ட் கார்களிலேயே கடந்த ரால்ஃப் பக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி, காற்றை இறக்கினால் ரயர் தட்டையாகப் படர்ந்து மணலில் புதையாது என்பதைச் செய்து காட்டியவர். இரண்டாம் உலகப் போரில் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவும் இதே முறையைப் பின்பற்றியது. வன்னியில் மாரிகாலச் சேற்றில் லொறி புதைந்தால் எங்கள் சாரதிமார் செய்ததும் இதுதான். ஆனால் அவர்கள் தார் வீதிக்கு ஏறியதும் முதல் வேலையாகக் காற்றடித்தார்கள். மணலில் மெல்ல ஊரும்போது உதவும் தளர்ச்சி, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் விரையும்போது எமனாகிறது.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ள ரயரின் உள்ளே பார்க்கவேண்டும். இன்றைய ரேடியல் ரயரின் மேற்பட்டைக்குக் கீழே உருக்குக் கம்பிகளாலான இரண்டு பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இவற்றைப் பிணைத்து வைத்திருப்பது இடையிலுள்ள மெல்லிய இறப்பர் மட்டுமே. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிரும். வளைவு வெப்பமாகிறது. பாரமும் வேகமும் கோடையும் சேர்ந்தால் வெப்பம் பன்மடங்காகும். பட்டிகளின் விளிம்பில் தோன்றும் நுண்ணிய வெடிப்பு மெல்ல மெல்ல உள்நோக்கி வளர்ந்து, ஒரு நாள் மேற்பட்டை முழுவதும் தோல் உரிவதுபோல் கழன்று பறக்கும். வெளியே பார்த்தால் பூ தேயாத புத்தம்புதிய ரயராகவே தெரியும். உயரமான வண்டியில் பின்சக்கரத்தின் பட்டை கழன்றால், திடுக்கிட்ட சாரதி சுக்கானை ஒடிப்பார். வண்டி உருளும்.

இப்படி உருண்ட வண்டிகளைப் பற்றி முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் ஸ்டேட் ஃபார்ம் காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர். 1998இல் அவர் தாம் கண்ட 21 சம்பவங்களைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்திற்கு அறிவித்தார். பலன் இல்லை. 1999இல் ஃபோர்ட் சவூதி அரேபியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இந்த ரயர்களை மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா. ஆனால் அமெரிக்க அரசுக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை. வெளிநாட்டில் செய்ததை அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் அப்போது அங்கு இருக்கவில்லை.

மௌனத்தை உடைத்தது ஹூஸ்ரன் நகரின் கே.எச்.ஓ.யு. என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி. 2000 பெப்ரவரியில் அதன் செய்தியாளர் ஆனா வேர்ணர் எக்ஸ்புளோரர் விபத்துகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பினார். ஃபயர்ஸ்டோன் அந்நிலையத்திற்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. பார்வையாளர்களோ தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தவண்ணம் இருந்தனர். நிலையம் அவர்களை அரசின் முறைப்பாட்டு இலக்கத்திற்கு அனுப்பியது. மே மாதத்தில் விசாரணை தொடங்கியது. பெரிய பத்திரிகைகளும் தலைநகர் நிருபர்களும் காணாததை ஒரு மாகாண நிலையம் கண்டது. இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இது எனக்கு மகிழ்ச்சியும் தருகிறது, கூச்சமும் தருகிறது.

ஆகஸ்ட் 9ஆம் திகதி ரயர்கள் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. உற்பத்தியான 1 கோடியே 44 இலட்சத்தில் இன்னும் வீதியில் இருந்தவை ஏறக்குறைய 65 இலட்சம். வெப்பம் மிகுந்த அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, ரெக்சாஸ் மாநிலங்களுக்கு முதலிடம், ஏனையோர் காத்திருக்கவேண்டும் என்று முதலில் சொல்லப்பட்டது. தங்கள் குடும்பத்தை எந்த வண்டியில் ஏற்றுவது என்று காத்திருந்தவர்கள் கொதித்தனர். போட்டி நிறுவனங்களின் ரயர்களையும் போட்டுக்கொள்ள அனுமதி வந்தது. ஃபோர்ட் தனது மூன்று ஆலைகளைச் சில வாரங்கள் நிறுத்தி, புதிய வண்டிகளுக்கென வைத்திருந்த ரயர்களைப் பழைய வண்டிகளுக்குக் கொடுத்தது.

குற்றம் யாருடையது? ஃபயர்ஸ்டோன் வண்டியையும் குறைந்த காற்றழுத்தத்தையும் குறைசொன்னது. அதே வண்டியில் குட்இயர் ரயர் போட்டவர்களிடமிருந்து முறைப்பாடுகள் மிகச் சில என்று ஃபோர்ட் பதில் சொன்னது. இதற்கிடையில் முறைப்பாடுகள் இலினோய்ஸ் மாநிலத்தின் டிகேற்றர் நகர ஆலையைச் சுட்டின. அந்த ஆலையின் கதை எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப்படுகிறது. 1994இல் நிருவாகம் 12 மணி நேர வேலைமுறையையும் புதியவர்களுக்குச் சம்பளக் குறைப்பையும் கோரியது. அவ்வாண்டு யூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் இடத்திற்கு மாற்று ஆட்கள் எடுக்கப்பட்டனர். 1995 மேயில் நிபந்தனையின்றித் திரும்ப முன்வந்த பழைய தொழிலாளர்கள், தங்கள் இடத்தைப் பிடித்தவர்களோடு தோளுரசி வேலை செய்யவேண்டியதாயிற்று. 1996 இறுதிவரை ஒப்பந்தம் ஏற்படவில்லை. அலன் குரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிணக்கு நிலவிய அக்காலத்தில் டிகேற்றரில் செய்யப்பட்ட ரயர்களே கூடுதலாகப் பழுதடைந்தன என்று காட்டினர். நிருவாகத்தின் கோரிக்கைகள் வெளிவந்த வேளையிலும், இரு தரப்பினரும் அருகருகே வேலை செய்த வேளையிலும் தரம் மிக வீழ்ந்திருந்தது. தொழிலாளரை மிதித்ததன் விலையை எங்கோ நெடுஞ்சாலையில் முகமறியாத ஒரு குடும்பம் கொடுத்தது என்பதே நான் இதை வாசிக்கும் விதம். தொழிலாளர்கள் வேண்டுமென்றே கெடுத்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2001 டிசம்பரில் ஆலை மூடப்பட்டபோது வீதிக்கு வந்தவர்கள் அவர்களே.

2001 மே மாதத்தில் ஃபயர்ஸ்டோன் உறவை முறித்துக்கொண்டது. மறுநாள் ஃபோர்ட் மேலும் 1 கோடியே 30 இலட்சம் ரயர்களைத் தனது செலவில் மாற்றப்போவதாக அறிவித்தது. அரச விசாரணை, பட்டிகளின் விளிம்புக் களைப்பையும் ரயரின் வடிவமைப்பையும் காரணங்காட்டியது. ஏனைய எஸ்.யு.வி.களைவிட எக்ஸ்புளோரர் தனித்து ஆபத்தானதென்று கொள்ள ஆதாரமில்லை என்று 2002இல் வண்டியை விசாரிக்க மறுத்தது. அமெரிக்காவில் மட்டும் பதிவான மரணங்கள் 271. வெனிசுவேலாவில் இறந்தவர்கள் இதில் அடங்கார்.

இந்த மரணங்களின் பின்னர் வந்த மாற்றங்களே இன்று ரயர் வாங்கச் செல்பவனுக்குக் கைகொடுக்கின்றன. 2000 நவம்பரில் நிறைவேறிய சட்டம், வெளிநாட்டில் செய்யும் திரும்பப்பெறலையும் அறிவிக்கவேண்டுமென்றது. காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு 2008ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் எல்லாப் புதிய சிறு வாகனங்களிலும் கட்டாயமாயிற்று. 2005இல் ஃபோர்ட், பூ தேயாவிட்டாலும் ஆறு ஆண்டுகளில் ரயரை மாற்றுங்கள் என்று சொல்லத் தொடங்கியது. இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். அதன் பிறந்தநாள் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரம், மற்றவை ஆண்டு. 2000க்கு முன் மூன்று இலக்கங்களே இருந்ததால் எந்தத் தசாப்தம் என்பதில் குழப்பம் இருந்தது.

பாரம் மற்றொன்று. எக்ஸ்புளோரரில் இருந்த ரயரின் அளவுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து உண்டு. அது பயணிகள் கார் ரயர். அத்தகைய ரயரை ஜீப்பிலோ சிறு லொறியிலோ போட்டால், அதில் எழுதியுள்ள பாரத்தை 1.1ஆல் வகுத்து வருவதையே நம்பவேண்டும் என்பது அமெரிக்க விதி. 105 என்ற பாரச்சுட்டி 925 கிலோ என்று பொருள்படும். வகுத்தால் ஏறக்குறைய 841. காற்றையும் குறைத்தால் இன்னும் இறங்கும். 'எல்.ரி.' என்று தொடங்குபவை சிறு லொறிகளுக்கென்றே செய்யப்பட்டவை. கனமும் விலையும் கூட, வீதியில் சற்று உலுக்கும். சேற்றுக்கான பெரிய பூ அழகாக இருந்தாலும், வாரத்தில் ஆறு நாள் ஏ9 வீதியில் ஓடுபவனுக்கு அது இரைச்சலையும் எரிபொருள் செலவையுமே தரும்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொல்லவில்லை. கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தத்தையும் பாரத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போ, ரயரின் கடைசி நான்கு இலக்கங்களை எனக்கு வாசி என்றேன். மறுநாள் கடை வாசலிலிருந்து அழைத்தான்.

"ஒண்டு, ஏழு, ஒண்டு, மூண்டு, மாமா."

2013ஆம் ஆண்டின் 17ஆவது வாரம். "தம்பி, கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிப்போட்டு வா" என்றேன்.