தளவரைபடத்தில் கதவு: கஞ்சிக்கோட்டை முன்வைத்து ஒரு வாதம்

தளவரைபடம் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் கிடையாக அறுத்து, மேலிருந்து பார்த்து வரைவது. சுவரும் தூணும் சன்னலும் அதில் அசையாமல் நிற்கின்றன. கதவு மட்டுமே அசைகிறது. திறந்து நிற்கும் பலகைக்கு ஒரு கோடு, அதன் நுனி கடந்துவரும் வழிக்கு ஒரு கால்வட்டம். கீல் எந்தப் பக்கம், பலகை எந்த அறைக்குள் வருகிறது, வரும்போது எவ்வளவு தரையை அடைக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வளைவில் அடங்கிவிடுகின்றன. ஆனால் இந்தக் குறியீடு ஒற்றைக் கீல்கதவுக்கு வாய்த்த அளவு மற்றவற்றுக்கு வாய்க்கவில்லை. மற்ற கதவுகளை நம் வரைவு வழக்கம் டி1, டி2, ஆர்.எஸ். என்ற எழுத்துகளுக்குள் தள்ளி, அவற்றின் இயக்கத்தை அட்டவணையில் மறைத்துவிடுகிறது. இதனால் வரும் இழப்பு அழகு சார்ந்தது மட்டுமன்று, உயிர் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கஞ்சிக்கோடு பொருத்தமான இடம். பாலக்காட்டுக் கணவாயில், தேசிய நெடுஞ்சாலை 544-இன் ஓரத்தில், புதுச்சேரி கிராம ஊராட்சிக்குள் அமைந்த ஊர் இது. ஐ.டி.ஐ., இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், பி.இ.எம்.எல். எனத் தொழிற்கூடங்கள் வரிசையாக வந்த இடம். மேற்கே சில கிலோமீட்டர் போனால் கல்பாத்தியின் அக்கிரகாரத் தெருக்கள். ஒரே வட்டாரத்தில் ஷட்டரும், சறுக்குக் கதவும், நூற்றாண்டு கண்ட இரட்டைப் பலகைக் கதவும் இருக்கின்றன.

முதலில் ஷட்டர். அது சுருண்டு ஏறும் இடம் வெட்டுத்தளத்துக்கு மேலே இருப்பதால், சுவரையொட்டி இரண்டு புள்ளிக்கோடுகளாகத்தான் அதை வரைய முடியும். தரையில் அது இடம் பிடிப்பதில்லை. சரக்கு லாரி வந்து நிற்கும் கூடத்துக்கு அதுவே வசதி. ஆனால் ஆள் தப்பிக்கும் வழியாக அதைக் கொள்ளலாமா? தேசியக் கட்டட நெறிமுறையின் 2005 பதிப்பு இதில் தெளிவாக இருந்தது: வெளியேறும் கதவு அறையிலிருந்து வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அகலம் 1000 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, மேலேறும் கதவோ சறுக்குக் கதவோ அங்கே கூடாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவோ, 1987-இல் திருத்தப்படும்வரை, வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சறுக்குக் கதவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஓர் ஆவணத்தில் சென்ற அதே கதவு இன்னொன்றில் செல்லவில்லை. அப்படியானால் எது கீல்கதவு, எது சறுக்குக் கதவு, எது ஷட்டர் என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தாக வேண்டும். வெறும் இடைவெளியும் பக்கத்தில் ஓர் எழுத்தும் போதாது.

பெரிய சறுக்குக் கதவுகளில் ஆள் நுழைய ஒரு திட்டிவாசல் வைப்பது வழக்கம். இரவுப் பணியில் பெருங்கதவு பூட்டியிருக்கும்போது தொழிலாளிக்கு உள்ள ஒரே வழி பெரும்பாலும் அதுதான். பல வரைபடங்களில் அது இடம்பெறுவதே இல்லை. பெருங்கதவின் கோட்டின்மேல் ஒரு சிறு கால்வட்டம் போட அரை நிமிடம் ஆகாது. அதைப் போட்டால்தான், திட்டிவாசலின் கீழே உள்ள சட்டம் தடுக்குமா, பலகை எந்தப் பக்கம் திறக்கும் என்ற கேள்விகளே எழும்.

திறக்கும் திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் கொடுமையான சான்று உண்டு. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா ஹாலில் பொம்மைகள் தரப்படுகின்றன என்று மாடியிலிருந்த குழந்தைகள் படியிறங்கி ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது; ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தார்கள். கூட்டம் நெருங்கியபின் உள்நோக்கித் திறக்கும் கதவை யாராலும் இழுக்க முடியாது. இந்த ஒரு செய்தியைத்தான் கால்வட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது சொல்கிறது. ஆட்டோகேடில் ஆயத்தக் கதவுப் படத்தை ஒட்டிவிட்டு, வசதிக்கேற்ப இடவலம் புரட்டிப் போடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

இந்தியத் தரநிலைகள் கதவின் அளவையும் திசையையும் தனித்தனியே வைத்திருக்கின்றன. '10 டி.எஸ். 21' என்றால் 1000 மில்லிமீட்டர் அகலமும் 2100 உயரமும் கொண்ட திறப்பில் ஒற்றைப் பலகைக் கதவு. இரட்டைப் பலகையானால் 'எஸ்' (S) இடத்தில் 'டி' (T) வரும். கதவு எத்திசையில் மூடுகிறது என்பது அதில் இல்லை. அதை வலம், இடம் என்று குழப்பாமல், கடிகாரத் திசையா எதிர்த்திசையா என்று குறிக்க ஐ.எஸ். 4043 தனியாக வழி சொல்கிறது. அட்டவணை எழுதுவோர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு நுட்பமும் தவறிப்போகிறது: 1000 என்பது சுவரில் விடும் திறப்பு. நிலைக்கால்கள் இரு பக்கமும் எடுத்துக்கொள்ள, பலகைக்கு ஏறத்தாழ 900 மிஞ்சும். பலகை செங்குத்தாகத் திறந்து நின்றால் அதன் கனமும் வழியில் கொஞ்சம் தின்னும். சக்கர நாற்காலிக்கு 900 தெளிவான வழி வேண்டும் என்றால் இந்தக் கதவு போதாது. நிலையையும் பலகைக் கனத்தையும் அளவோடு வரைந்தால் இது கண்ணில் படும். ஒற்றைக் கோட்டில் வரைந்தால் படாது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1990களில் கேரள மின்வாரியம் 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பதை நிறுத்தியது இதே கஞ்சிக்கோட்டில். கணவாய் வழியே அடிக்கும் அந்தக் காற்றுக்கு எதிராக வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளுவது எளிதன்று. காற்றோடு திறந்தாலோ பலகை சுவரில் அறையும். விதிப்படி வெளிப்பக்கம் திறக்கத்தான் வேண்டும். ஆகவே காற்றுத் திசையும் தடுப்பானின் இடமும் கதவின் அருகிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பேன்.

கல்பாத்தியில் சிக்கல் வேறு. பொதுச்சுவர் பகிரும் குறுகிய, நீண்ட வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று பின்னோக்கிப் போகும் வாசல்கள். இங்கே இரட்டைப் பலகையை இரண்டு சம வளைவுகளாக வரைவது சரிதான், ஆனால் முழுமையன்று. பகலில் ஒரு பலகை மட்டும் திறந்திருக்கும். பந்தக்கால் நடும் நாளிலோ பெரிய சாமான் வரும்போதோதான் இரண்டும் திறக்கும். அன்றாடம் திறக்கும் பலகையை அழுத்தமான கோட்டிலும், மற்றதை மெல்லிய கோட்டிலும் வரையலாம். உயர்ந்த வாசற்படிக்குக் குறுக்குக்கோடு மட்டும் போட்டால் அது தரைமட்ட வேறுபாடாகவே படிக்கப்படும். படியின் உயரத்தை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். மரபுவீடுகளை ஆவணப்படுத்தும் கட்டடக்கலை மாணவர்கள் கதவின் செதுக்கு வேலையைப் பக்கம் பக்கமாக வரைகிறார்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், எந்தப் பலகைமேல் எந்தப் பலகை படிகிறது என்பதைத் தளவரைபடத்தில் காட்டியவர்கள் சிலரே. முதலில் எந்தப் பலகையைத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் படிவுதான் முடிவு செய்கிறது.