தாம்பரம் சானடோரியம் கற்பித்த தற்காப்பு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் நீங்கள் சென்றிருக்கலாம். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வரும். தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் இந்தப் பெயரின் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

தற்காப்பு என்றதும் சிலம்பமும் குஸ்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதிரி மூச்சுக் காற்றிலேயே வந்தால் கம்பு சுற்றிப் பயன் உண்டா? அத்தகைய எதிரியிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு இந்த நிலையத்தின் பெயரில் அடங்கியிருக்கிறது.

அந்த எதிரி காசநோய். முன்னோர் இதைச் சயரோகம் என்றார்கள். உடலைத் தேய்த்துக்கொண்டே போவதால் வந்த பெயர் அது. 1882 மார்ச் 24-ல் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் காக் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. அவனைக் கொல்லும் மருந்துக்கோ மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்தில்லாத அந்தக் காலத்தில் மருத்துவர்கள் நம்பியவை மூன்று: ஓய்வு, நல்ல உணவு, திறந்த வெளிக் காற்று. இவற்றைத் தருவதற்காக ஊருக்கு வெளியே கட்டப்பட்ட இல்லங்களே சானடோரியங்கள். டாக்டர் சௌரி முத்து என்ற இந்திய மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் இத்தகைய இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். காசநோய் என்று அன்று கருதப்பட்ட கணித மேதை ராமானுஜன் 1917-ல் சிறிது காலம் தங்கியிருந்தது அங்கேதான். அதே சௌரி முத்து தாயகம் திரும்பி, 1928-ல் தாம்பரத்துக்கு அருகே 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காற்றுக்கு உண்மையிலேயே அத்தனை சக்தி உண்டா? நோயாளியின் கிருமிகளைக் காற்று கொல்லாது. ஆனால் மற்றவர்களைக் காக்கும். எப்படி என்று பார்ப்போம். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். சிறியவற்றில் உள்ள நீர் நொடியில் ஆவியாகி, கிருமியைச் சுமந்த துகள் மட்டும் மிஞ்சும். அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அடைத்த அறையில் அது மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பவர், காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த அறைக்குச் செலுத்தினார். நோயாளிகளின் அருகே செல்லாத அவ்விலங்குகளுக்கும் நோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்த விலங்குகள் தப்பின. சன்னலைத் திறந்தால் கிருமித் துகள்கள் கலைந்துபோகும். வெயில் பட்டால் கிருமி மடியும் என்பது இதனால் விளங்கும்.

இதற்கிடையே ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட் ஆகிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சில. மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றிவிடாதா?

இதற்கு விடை கண்டது நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் 1959-ல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை! அதைவிட முக்கியமானது, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏதும் ஏற்படவில்லை.

காரணம் எளியது. மருந்து தொடங்கியதும் நோயைப் பரப்பும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடுகிறது. குடும்பத்தாருக்குத் தொற்று பெரும்பாலும் ஏற்படுவது அதற்கு முன்பே. இருமலை ‘வெறும் சளி’ என்று தள்ளிப்போட்ட வாரங்களில்தான். அப்படியானால் நம் பகை நோயாளி அல்ல, தாமதம்தான்!

இதை நாம் சரியாக உணர்ந்திருக்கிறோமா? இன்றும் சில வீடுகளில் நோயாளிக்குத் தனித்தட்டு, தனிப்பாய் ஒதுக்குகிறார்கள். காசநோய் தட்டினாலோ துணியாலோ பரவுவதில்லை. தனித்தட்டு யாரையும் காப்பதில்லை. அது நோயாளியின் மனத்தை மட்டுமே காயப்படுத்தும். ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தில் அவர் நோயை மறைப்பார். மறைத்தால் தாமதம், தாமதித்தால் வீடு முழுவதற்கும் ஆபத்து.

ஆகவே, தாம்பரமும் சேத்துப்பட்டும் நமக்குக் கற்றுத்தந்த தற்காப்பு முறைகளை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள். பகலில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போடுங்கள், அது பெரியவர்களின் நுரையீரல் நோயை அவ்வளவாகத் தடுக்காவிட்டாலும், குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைச்சவ்வுக் காசநோயைத் தடுக்க உதவும். நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து தொடங்கியவர் அதை நடுவில் நிறுத்தக் கூடாது. வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் ஆகும். இரண்டாம் மாதமே இருமல் நின்று, உடம்பும் தேறிவிடும். ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று தோன்றும். ஆனால் உடலில் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகி, மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடக்கூடும். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால் அவரை ஒதுக்காதீர்கள். “இன்றைக்குச் சாப்பிட்டாயா?” என்று அன்புடன் கேளுங்கள். அது அவரையும் காக்கும், உங்களையும் காக்கும்.